சின்னவன் ஆடட்டும்

மண்டபம்

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நாங்கள் எல்லோரும் நலம். போனில் பேசினால் பாதியிலேயே உனக்கு ஷிப்ட் நேரம் வந்துவிடுகிறது, சொல்ல நினைத்தது முழுதாக வருவதில்லை. அதனால்தான் கடிதம். விடுமுறை நாளில் நிதானமாக வாசி.

தம்பி பாலே என்ற ஐரோப்பிய மேடை நடனத்தைக் கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறான் என்று போனில் சொன்னதும், "அது பொம்பளப் புள்ளைங்க ஆடுறதும்மா, இவனுக்கு எதுக்கு" என்றாய். அவன்மேல் உள்ள அக்கறையில்தான் சொன்னாய், தெரியும். ஊரில் நாலு பேர் அவனைக் கேலி செய்வார்களே என்ற பயம் உன் குரலில் இருந்தது. ஆனாலும் அந்தப் பேச்சை நான் ஏற்கவில்லை.

முதலில் நம் ஊரையே எடுத்துக்கொள். முளைப்பாரித் திருவிழாவில் முளைக்கொட்டுக்குப் பெண்கள் கும்மியடிக்கும்போது, அந்தப் பக்கம் ஒயிலாட்டத்துக்கு வரிசை கட்டி நிற்பவர்கள் யார்? காலில் சலங்கையும் கையில் கைக்குட்டையுமாக உன் தாத்தா வயதான பிறகும் ஆடினார். அவரை ஒருவரும் ஒரு சொல் சொன்னதில்லை. பரதக் கச்சேரிக்கு இன்றிருக்கும் வரிசையை அமைத்துக் கொடுத்த தஞ்சை நால்வர் அண்ணன் தம்பிகள் நான்கு பேர். மெலட்டூரில் நடக்கும் பாகவத மேளா நாட்டிய நாடகத்தில் பெண் வேடத்தையும் சேர்த்து எல்லா வேடத்தையும் ஆண்களே கட்டுகிறார்கள்.

பாலேயின் கதையும் அப்படித்தான். பிரான்ஸ் அரசர் பதினான்காம் லூயி தானே மேடையேறி ஆடியவர். 1661-ல் நடனத்துக்கென்றே ஒரு அகாதமியை நிறுவினார். பாரிஸ் மேடையில் தொழிலாக ஆடும் பெண்கள் வந்ததே 1681-ல்தான். அதுவரை அங்கே பெண் பாத்திரத்தையும் ஆண்கள்தான் ஆடினார்கள். இன்றும் பாலே பள்ளிகளில் ஆண்பிள்ளைகளுக்கென்று தனிப் பாடம் உண்டு. உயரத் துள்ளி அந்தரத்திலேயே இரண்டு சுற்றுச் சுற்றி இறங்க வேண்டும். துள்ளிய வேகத்தில் இரண்டு காலையும் ஒன்றோடொன்று தட்டி மாற்ற வேண்டும். உடன் ஆடும் பெண்ணைத் தலைக்குமேல் தூக்கி, அவளுக்கு ஒரு கீறல் இல்லாமல் இறக்க வேண்டும். விரல் நுனியில் நிற்கிற அந்தக் காலணி பெண்களுக்கு உரியது, பையன்களுக்கு வழக்கமாக அது கிடையாது. நீ படங்களில் பார்த்தது அதை மட்டும்தான் என்று நினைக்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சென்னையில் 1936-ல் கலாக்ஷேத்ராவைத் தொடங்கிய ருக்மிணி தேவி அருண்டேல், பரதம் கற்பதற்கு முன்பு பாலே கற்றவர். ரஷ்யாவின் பெரிய பாலே ஆட்டக்காரி அன்னா பாவ்லோவாவின் குழுவில் இருந்த கிளியோ நோர்டிதான் அவருக்கு ஆசிரியை. நம் நாட்டுக் கலையைத் தேடிப் போகும்படி அவரைத் தூண்டியதும் பாவ்லோவாதான். நம் நாட்டு நடனக் கலைஞர் உதய் சங்கர் 1923-ல் லண்டனில் அதே பாவ்லோவாவோடு சேர்ந்து ஆடியிருக்கிறார். ஆகவே நம் பையன் ஏதோ நமக்குச் சம்பந்தமே இல்லாத இடத்தில் காலை வைக்கிறான் என்று நினைக்காதே.

"நம்மள மாதிரி வீட்டுக்கு இது தோதுப்படுமா" என்றும் கேட்டாய். நியாயமான கேள்வி. மூன்று பையன்களைப் பற்றிச் சொல்கிறேன். அமிருத்தீன் ஷா மும்பைப் பக்கத்துப் பையன், அப்பா வெல்டிங் வேலை செய்தவர். 2017-ல் லண்டன் ராயல் பாலே பள்ளிக்குப் போனான். அவனோடு சேர்ந்து பயின்ற மனீஷ் சௌஹானின் அப்பா டாக்சி ஓட்டுபவர். அவன் அமெரிக்காவில் ஒரேகான் பாலே தியேட்டருக்குப் போனான். இரண்டு பேரையும் உருவாக்கியவர் யெஹுதா மாவோர் என்ற வயதான ஆசிரியர். மும்பையில் டான்ஸ்வொர்க்ஸ் என்ற இடத்தில் கற்றுக்கொடுத்தார். மூன்றாவது பையன் டெல்லி கமல் சிங், அப்பா ரிக்‌ஷா ஓட்டுபவர். அவன் ஒரு சினிமாவில் பாலேயைப் பார்த்துவிட்டு 17 வயதில்தான் ஆரம்பித்தான். டெல்லியில் பெர்னாண்டோ அகிலேரா என்ற ஆசிரியர் கற்றுக்கொடுத்தார். 2020-ல் இங்கிலீஷ் நேஷனல் பாலே பள்ளியில் இடம் கிடைத்தது. கையில் பணம் இல்லை. பொதுமக்களிடம் நிதி திரட்டித்தான் போனான்.

கியூபா நாட்டுக் கார்லோஸ் அகோஸ்டாவும் இருக்கிறார். 1973-ல் ஹவானாவில் பிறந்தவர், அப்பா லாரி ஓட்டுநர். பையன் தெருவில் சுற்றிக் கெட்டுப்போகக் கூடாது என்று அந்த அப்பாதான் அரசாங்கப் பாலே பள்ளியில் சேர்த்துவிட்டார். பையனுக்கோ கால்பந்து ஆசை, வகுப்புக்கு மட்டம் போட்டுக்கொண்டே இருந்தானாம். அப்பா விடவில்லை. 1990-ல் சுவிட்சர்லாந்தில் லோசான் போட்டியில் தங்கப் பதக்கம் வாங்கினார். 2020 முதல் பர்மிங்ஹாம் ராயல் பாலேக்கு அவர்தான் இயக்குநர். இதை உங்கப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். "அந்த ஆளுக்குப் பையனை அடிச்சு அனுப்ப வேண்டியிருந்துச்சு, நம்ம பையன் தானா போறேங்குறான்" என்றார். அதற்குப் பிறகு அப்பாவிடம் நான் எதையும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இவர்களைச் சொல்வதால் தம்பியும் லண்டன் போய்விடுவான் என்று நான் கணக்குப் போடவில்லை. ராயல் பாலே பள்ளியில் சின்ன வகுப்புக்குப் பிள்ளைகளை 11 வயதில் எடுக்கிறார்கள், மேல்வகுப்புக்கு 16 வயதில். தம்பிக்கு இப்போது 13. அந்த நாட்டுப் பிள்ளைகள் ஏழெட்டு வயதிலேயே தொடங்கிவிடுகிறார்கள். ஆனால் பையன்கள் கொஞ்சம் பிந்தித் தொடங்கினாலும் தேறிவர முடியும் என்பதற்குக் கமல் சிங்கே சாட்சி. இதைச் சொன்னது அவனைத் துரத்துவதற்காக இல்லை. இன்னும் இரண்டு வருஷம் போகட்டும், பத்தாவது முடியட்டும் என்று தள்ளிப்போட்டால் கதவு ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டே போகும் என்று உனக்குத் தெரிய வேண்டும்.

சரி, எங்கே கற்றுக்கொள்வது? அதுதான் பெரிய பாடாக இருக்கிறது. நம் கடற்கரைப் பக்கம் சிலம்பம் சொல்லித்தர ஆள் உண்டு, ஒயிலாட்ட வாத்தியார் உண்டு, இராமநாதபுரத்துக்குப் போனால் பரத வகுப்பும் உண்டு. பாலே கிடையாது. தம்பி இதுவரை கற்றதெல்லாம் போனைப் பார்த்துத்தான். கெட்டிக்காரன், பிரெஞ்சுப் பெயர்களையெல்லாம் வரிசையாகச் சொல்கிறான். ஆனால் வலை பின்னுகிறவனைத் தூரத்தில் நின்று பார்த்தே யாராவது வலை பின்னக் கற்றதுண்டா? பக்கத்தில் உட்காரவைத்து, தப்பான முடிச்சை அவிழ்க்கச் சொல்ல ஒரு ஆள் வேண்டும்.

அந்த ஆள் இல்லாமல் ஆடியதில் என்ன ஆனது என்பதையும் எழுதிவிடுகிறேன். அவனுக்கு முழங்காலுக்குக் கீழே, எலும்பு முட்டிக்கொண்டிருக்கும் இடத்தில் வலி வந்தது. எலும்பு மருத்துவரிடம் காட்டினோம். வளர்கிற வயதில் ஓடிக் குதிக்கிற பிள்ளைகளுக்கு வருவதுதான், எலும்பு சீக்கிரம் நீள, தசைநார் இழுபடுகிறது, துள்ளுவதைக் கொஞ்சநாள் குறைத்தால் சரியாகிவிடும் என்றார். நம் வீட்டுச் சிமெண்டுத் தரையில் குதித்ததும் கெடுதல். பாலே பழகும் இடத்தில் தரை மரத்தில், மிதித்தால் லேசாக அமுங்கிக் கொடுக்கும்படி இருக்க வேண்டுமாம். மணலில் ஆடட்டும் என்று நினைத்தேன். அதுவும் கூடாது, கணுக்கால் பிசகிவிடும். படகு கட்டும் ஆசாரியைக் கூட்டிவந்து அப்பா ஒரு மேடை போட்டிருக்கிறார். கீழே மரச்சட்டங்களைக் குறுக்கும் நெடுக்குமாக இடைவெளி விட்டு அடுக்கி, மேலே பிளைவுட் அடித்திருக்கிறார்கள். பிடித்துக்கொண்டு நிற்க இடுப்பு உயரத்தில் ஒரு கம்பியும் சுவரில் பதித்தாயிற்று. பின்வாசல் பக்கம் உன் பழைய சைக்கிள் நின்ற இடம்தான்.

வலிக்கு இன்னொரு காரணமும் உண்டு. பாலேயில் இரண்டு பாதமும் வெளிப்பக்கம் பார்க்க நிற்க வேண்டும். அந்தத் திருப்பம் இடுப்புப் பூட்டிலிருந்து வர வேண்டும். இவன் பாதத்தை மட்டும் வலிந்து திருப்பியிருக்கிறான், பாரமெல்லாம் முட்டியில் இறங்கிவிட்டது. பரதத்தில் அரைமண்டி உட்காரும்போதும் இதே சங்கதிதான். அதனால் இப்போதைக்குப் பரத வகுப்பில் சேர்த்துவிடலாமா என்று யோசித்தேன். இடுப்பு திறக்கும், தாளம் கெட்டிப்படும், கற்கும் ஒழுங்கு வரும். ஆனால் பரதம் நிலத்தை மிதித்து ஆடுவது, பாலே நிலத்தை விட்டு எழும்ப ஆசைப்படுவது. ஒன்று இன்னொன்றுக்கு மாற்று ஆகாது. அவன் கேட்பது பாலே. அதைத்தான் கொடுக்க வேண்டும்.

விசாரிக்கிறபோது ஒரு நகரத்தில் ஒருவர் போனிலேயே, ஆறு மாதத்தில் வெளிநாட்டுப் போட்டிக்கு அனுப்பிவிடுகிறேன், மொத்தப் பணத்தையும் முதலில் கட்டுங்கள் என்றார். பையனை ஒரு தடவை பார்க்கவும் இல்லை, வயதைக்கூடக் கேட்கவில்லை. வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு யாரிடம் பேசினாலும் சில கேள்விகளைக் கேட்கிறேன். ஆசிரியர் எங்கே, யாரிடம் பயின்றார்? தரை மரமா சிமெண்டா? பையன்கள் எத்தனை பேர் வருகிறார்கள்? பெற்றோர் ஒரு வகுப்பை உட்கார்ந்து பார்க்கலாமா? கடைசியாக, பெண்பிள்ளைகளை எந்த வயதில் விரல் நுனியில் நிற்கவைப்பீர்கள் என்று கேட்பேன். நமக்கு இருப்பது பையன், ஆனாலும் கேட்பேன். எலும்பு முற்றாத எட்டு வயதுக் குழந்தையை நுனிவிரலில் ஏற்றுகிறவர் என் பிள்ளையின் முட்டியையும் பார்த்துக்கொள்ள மாட்டார்.

லண்டனில் 1920-ல் தொடங்கிய ராயல் அகாதமி ஆஃப் டான்ஸ் என்ற அமைப்பு கிரேடு கிரேடாகத் தேர்வு வைக்கிறது. இந்தியாவிலும் அந்தத் தேர்வு எழுத முடியும். அவர்களிடம் பதிந்த ஆசிரியர்களை ஊர்வாரியாகத் தேடிப் பார்க்கலாம். சான்றிதழுக்காகச் சொல்லவில்லை. பிள்ளைக்கு எதற்குப் பிறகு எது என்ற படி அதில் இருக்கிறது.

எனக்குச் சரியாகப்படுவது பெங்களூரு. யானா லூயிஸ் என்ற ஆசிரியை தொடங்கிய லூயிஸ் பவுண்டேஷன் ஆஃப் கிளாசிகல் பாலே அங்கே இருக்கிறது. அவர்களுக்கு எழுதிக் கேட்டிருக்கிறேன். சித்தி வீடும் அங்கே இருப்பதால் தங்க இடம் தேட வேண்டாம். பள்ளி லீவு விடும் நேரமும் நம் கடலில் மீன்பிடித் தடைக்காலமும் ஒன்றாக வருகின்றன. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு போகாது, அப்பா கரையில்தான் இருப்பார். அவர் தம்பியைக் கூட்டிக்கொண்டு மதுரைக்குப் போய், பெங்களூரு வழியாகப் போகும் மைசூர் ரயில் ஏறிவிடுவார். லீவு முழுக்க ஆரம்ப வகுப்பில் இருக்கட்டும். உடம்பைத் தொட்டுத் திருத்துகிற ஒரு ஆசிரியர் அவனைப் பார்க்கட்டும். அவர் சொல்வதை வைத்து அடுத்த வருஷத்தை முடிவு செய்வோம். தேறாது என்று அவர் சொன்னால் அதையும் அவனிடம் நானே சொல்வேன்.

தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாயில் அந்த இரண்டு மாத வீட்டுச் செலவே அடங்காது. ஆனால் என் சம்பளத்திலிருந்து கொஞ்சம் ஒதுக்கி வைத்திருக்கிறேன், இந்த லீவுக்கு அது போதும். உன்னிடம் பணம் கேட்டு எழுதவில்லை. நீ உன் கல்யாணத்துக்குச் சேர்ப்பதைத் தொடாதே. படிப்பைப் பற்றிய உன் கவலைக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூடம் நிற்காது. ஆட்டத்துக்காகப் படிப்பை விடுகிற பேச்சு அவனும் எடுத்ததில்லை, நானும் விடமாட்டேன்.

உன்னிடம் கேட்பது இரண்டுதான். நீ இருக்கும் சிங்கப்பூரில் சிங்கப்பூர் பாலே என்ற குழு 1988 முதல் இருக்கிறது, முன்பு வேறு பெயரில் இருந்தது. போர்ட் கேனிங் பூங்காவில் திறந்தவெளியில் ஆடுவார்கள். இந்தத் தடவை ஆடும்போது ஒரு சாயங்காலம் போய்ப் பார். ஆண்கள் ஆடுவதைப் பார். பார்த்துவிட்டு அவனிடம் பேசு. என்னிடம் வேண்டாம், நேராக அவனிடம் பேசு. அப்பா சரி என்றார், நான் சரி என்றேன், இருந்தும் அண்ணன் என்ன சொன்னான் என்றுதான் கேட்டுக்கொண்டிருக்கிறான். உன் சொல்லுக்கு அவனிடம் அவ்வளவு மதிப்பு.

அப்புறம், ஒரு ஜோடி காலணி. கான்வாஸ் துணியில் செய்தது, அடித்தோல் நடுவில் பிரிந்து முன்னும் பின்னும் இரண்டு துண்டாக இருக்கும். பையன்களுக்கு வெள்ளை அல்லது கறுப்பு. பள்ளி ஷூ வாங்குவதைப்போல வளரும் பிள்ளை என்று ஒரு அளவு கூட்டி வாங்கிவிடாதே. இது பாதத்தோடு ஒட்டி இருக்க வேண்டும், தொளதொளவென்று இருந்தால் சறுக்கிவிடும். அவன் இரண்டு பாதத்தையும் காகிதத்தில் வைத்து வரைந்து இத்துடன் வைத்திருக்கிறேன். வலது பாதம் கொஞ்சம் பெரிது, அதை வைத்து அளவு கேள். ஏப்ரலுக்குள் ஊருக்கு வருகிறவர் யாரிடமாவது கொடுத்து அனுப்பு.

நேரத்துக்குச் சாப்பிடு.

அம்மா