அந்தப் படிவத்தை அனுப்புவதற்கு முன்

அன்புள்ள தம்பி,

"ஒன்றுமில்லை அப்பா, சின்ன உரசல்தான்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாய். நீ அனுப்பிய படங்களை அன்று ராத்திரியே அக்கா காட்டினாள். அவளைக் கோபித்துக்கொள்ளாதே, நான்தான் விடாமல் கேட்டேன். வலது ஹெட்லைட் இருந்த இடத்தில் ஒயர் தொங்குகிறது. பானெட் நடுவில் மடிந்து நிற்கிறது. இதையா உரசல் என்கிறாய்? அம்மாவிடம் இன்னும் காட்டவில்லை.

கழுத்து வலித்தால் டாக்டரிடம் போய்விடு. இந்த மாதிரி அடி சில சமயம் மறுநாள்தான் தெரியும்.

சரி, கிளைம் விஷயத்துக்கு வருகிறேன். இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தகவல் சொல்லிவிட்டு, படிவம் நிரப்பிக்கொண்டிருக்கிறாயாம். அவசரமே வேண்டாம். நடந்ததை நடந்தபடி எழுது. எத்தனை மணிக்கு, எந்தத் திருப்பத்தில், யார் எந்தப் பக்கமிருந்து வந்தது, வண்டியில் யார் யார் இருந்தது, எல்லாம் எழுது. நினைவில்லாததை நினைவில்லை என்றே எழுதலாம்.

சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் வந்து பார்க்கும்வரை ஒர்க்‌ஷாப்பில் ஒரு போல்ட்டைக்கூடக் கழற்ற விடாதே. அவர்கள் வேலையைச் சீக்கிரம் முடிக்கத்தான் பார்ப்பார்கள். வண்டியை நீயும் ஸ்டார்ட் செய்து பார்க்காதே. ரேடியேட்டரில் ஓட்டை விழுந்திருந்தால், தண்ணீர் இல்லாமல் ஓடி எஞ்சின் பிடித்துக்கொள்ளும். மோதிய பிறகு நம் கவனக்குறைவால் வந்த சேதம் என்று சொல்லி அதற்குப் பணம் தர மறுப்பார்கள். பம்பரைக் கழற்றிய பிறகுதான் உள்ளே இருக்கும் சேதம் தெரியும். முன்பக்கத்து இரும்புச் சட்டம் வளைந்திருக்கலாம். அப்படி ஏதாவது புதிதாகத் தெரிந்தால், வேலையை நிறுத்திவிட்டு சர்வேயரை மறுபடி கூப்பிடச் சொல். அவர் பார்க்காமல் மாற்றிய பாகத்துக்குப் பணம் வாங்குவது பெரும்பாடு.

முழுத் தொகையும் வந்துவிடும் என்று எண்ணாதே. நம் பங்கு என்று பாலிசியிலேயே ஒரு தொகை போட்டிருக்கும், அதைக் கழிப்பார்கள். பாலிசியைப் பொறுத்து பழைய பாகங்களுக்குத் தேய்மானமும் கழிப்பார்கள். எதற்கு எவ்வளவு கழித்தார்கள் என்று எழுத்தில் கேள். "முழுத் தீர்வாகப் பெற்றுக்கொண்டேன்" என்று ஒரு தாளை நீட்டினால், வண்டியை ஓட்டிப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதே. எதிர்வண்டிக்காரரிடம் நீயாகப் பணம் தருகிறேன் என்று வாக்குக் கொடுக்காதே, அதைக் கம்பெனி பேசட்டும். இதற்கு மேல் உனக்குத் தெரியாததா? நான் எல்லாம் பழைய வண்டியாகவே வாங்கி ஓட்டினவன். நீ முதல் சம்பளத்திலிருந்து மாதாமாதம் எடுத்து வைத்துப் புது வண்டி வாங்கினாய். சாவியை நீ முதலில் என் கையில் கொடுத்ததை நான் மறக்கவில்லை.

ஆனால் நடந்ததை நடந்தபடி எழுது.

மூன்றாவது படத்தில் கதவு திறந்திருக்கிறது. ஓட்டுநர் சீட் ஸ்டியரிங்கை ஒட்டி முன்னால் நகர்ந்திருக்கிறது. உன் முழங்கால் அங்கே நுழையாது. நான் எதுவும் கேட்கவில்லை. அக்காவிடமும் கேட்கவில்லை. சர்வேயருக்கும் கண் இருக்கிறது, அவ்வளவுதான் சொல்கிறேன். உன் சம்மதத்தோடு, சரியான லைசென்ஸ் உள்ள யார் ஓட்டினாலும் சில பாலிசிகளில் கிளைம் உண்டு. சிலவற்றில் பெயர் எழுதிக் கொடுத்தவர்கள் மட்டும்தான் ஓட்டலாம். உன்னுடையது எது என்று எடுத்துப் படி. கிடைக்காது என்றால் போகட்டும், செலவில் பாதி நான் தருகிறேன். பொய் எழுதி அது தெரிந்துவிட்டால், மொத்தமாக மறுத்துவிடுவார்கள். வழக்கு வரைக்கும்கூடப் போகும்.

உனக்கு இதைச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. அந்த நாய் உனக்கு நினைவிருக்கும்.

உனக்கு அப்போது 9 வயது. குறுக்கே நாய் ஓடியது, திருப்பினேன், மரத்தில் மோதியது என்று எழுதிக் கொடுத்தேன். நாயே வரவில்லை. நான் கண் அயர்ந்துவிட்டேன். பின்சீட்டில் நீ இருக்கிறாய் என்று தெரிந்தும், ஓரமாக நிறுத்தி ஒரு மணி நேரம் தூங்கிவிட்டுப் போகாமல், அப்படியே ஓட்டினேன். சர்வேயர் எழுதிக்கொண்டிருந்தபோது நீ கதவுப் பிடியைப் பிடித்துக்கொண்டு, "நாய் எதுவும் வரலையே அப்பா" என்றாய். நான் உன்னை உள்ளே போகச் சொன்னேன். நீ போய்விட்டாய். அதற்கப்புறம் நாலு பேர் முன்னால் நீ என்னை மறுத்துப் பேசியதே இல்லை. மரியாதை தெரிந்த பையன் என்று அம்மா சந்தோஷப்படுவாள். அது எப்போது தொடங்கியது என்று எனக்கு மட்டும்தான் தெரியும். அம்மாவிடம் நான் இன்றுவரை நாய் என்றே சொல்லி வருகிறேன். இந்த வாரம் சொல்லிவிடுவேன்.

படிவம் அனுப்பியிருந்தாலும் பரவாயில்லை. அவர்கள் கேட்பதற்கு முன்பே நீயாகத் திருத்தம் எழுதிக் கொடு.

ராத்திரி எந்நேரமானாலும் கூப்பிடு, போனை நானே எடுக்கிறேன். உன்னோடு வண்டியில் இருந்தவர்களுக்கு அடி ஒன்றும் இல்லையே? அதையும் சொல்.

அப்பா