டிரைவர் லைசென்ஸ்: அந்த முப்பது நாளைத் திருப்பிக் கொடுங்கள்

மத்திய சாலைப் போக்குவரத்து, நெடுஞ்சாலைகள் அமைச்சகத்துக்கும் தமிழ்நாடு போக்குவரத்து ஆணையரகத்துக்கும்,

வணக்கம்.

கட்டணத்தைக் குறையுங்கள் என்று கேட்க இந்த மடலை எழுதவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தேதி முடிந்த லைசென்சுக்கு முன்பு இருந்த முப்பது நாள் அவகாசத்தைத் திருப்பிக் கேட்கத்தான் எழுதுகிறேன். மத்திய மோட்டார் வாகன விதிகளின் பட்டியலில் லைசென்ஸ் புதுப்பிக்க 200 ரூபாய், ஸ்மார்ட் கார்டுக்கு 200 ரூபாய். 2016 டிசம்பர் கடைசியில் ஏற்றிய கட்டணம். ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை 400 ரூபாய் கட்டுவதற்கு எந்த லாரி டிரைவரும் மூக்கால் அழ மாட்டார். ஒருநாள் டீசல் கணக்கில் அது காணாமல் போகிற காசு.

நாமக்கல்லில் நேஷனல் பர்மிட் லாரி ஒன்று வைத்திருக்கிறேன். பாதி ட்ரிப் நானே போவேன், மீதிக்கு டிரைவர் போடுவேன். எஃப்.சி. என்கிற வண்டித் தகுதிச் சான்று, பர்மிட், ரோடு டாக்ஸ், இன்சூரன்ஸ் என்று வண்டிக்கு உள்ள தேதிகள் எல்லாம் எங்கள் ஊர் லாரிக்காரர்களுக்குத் தூக்கத்தில் கேட்டாலும் வரும். டிரைவர் லைசென்ஸ் தேதி மட்டும் வராது. அதற்கு எங்கள் அசட்டை கொஞ்சம் காரணம், மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் எழுதி வைத்திருக்கும் சட்டமும் அச்சடித்துக் கொடுக்கும் கார்டும்தான் பெரிய காரணம். அதைப் பற்றித்தான் இந்த மடல்.

2019 வரை, லைசென்ஸ் காலாவதியான பிறகும் முப்பது நாள் அது செல்லும் என்று மோட்டார் வாகனச் சட்டம் 14ஆம் பிரிவில் ஒரு வரி இருந்தது. அந்த ஆண்டு வந்த திருத்தத்தில் அந்த வரியை எடுத்துவிட்டீர்கள். அதே திருத்தத்தில், காலாவதிக்கு ஒரு வருஷம் முன்னாலும் புதுப்பிக்கலாம், ஒரு வருஷம் பின்னாலும் புதுப்பிக்கலாம் என்று வைத்தீர்கள். வணிக வாகன லைசென்சின் ஆயுளை மூன்று வருஷத்திலிருந்து ஐந்தாக்கினீர்கள். நல்லது, நன்றி. ஆனால் இந்த மாற்றங்களில் டிரைவர்கள் காதில் விழுந்தது ஒன்றே ஒன்றுதான்: "முடிஞ்சாலும் ஒரு வருஷம் டைம் இருக்கு."

எந்த டீக்கடையில் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். பாதி உண்மை. விண்ணப்பம் போடத்தான் ஒரு வருஷம் டைம். ஓட்டுவதற்கு ஒரு நாள்கூட இல்லை. தேதி முடிந்த மறுநாள் காலை வண்டியை எடுத்தால் அவர் லைசென்ஸ் இல்லாத டிரைவர். 181ஆம் பிரிவில் 5,000 ரூபாய் அபராதம், மூன்று மாதம் வரை சிறைக்கும் இடம் உண்டு. ஓட்டவிட்ட குற்றத்துக்கு 180ஆம் பிரிவில் ஓனருக்குத் தனியாக 5,000. தாமதமாகப் புதுப்பித்தாலும் புதுப்பித்த நாளிலிருந்துதான் செல்லும். நடுவில் போன நாட்கள் போனவைதான்.

அபராதத்தைக்கூட விடுங்கள். விபத்து நடந்தால் என்ன ஆகிறது என்பதுதான் எங்கள் வயிற்றைக் கலக்குகிறது. செத்தவர் குடும்பத்துக்கு இழப்பீட்டை முதலில் இன்சூரன்ஸ் கம்பெனி கொடுத்துவிட்டு, பிறகு ஓனரிடம் வசூலித்துக்கொள்ளும்படி தீர்ப்பாயம் உத்தரவிடலாம். ஸ்வரன் சிங் வழக்கில் 2004இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிய வழி அது. பாதிக்கப்பட்டவருக்குக் காசு கிடைக்கிறது, அது சரிதான். ஆனால் ஒரே லாரி வைத்திருப்பவனிடம் லட்சக்கணக்கில் வசூல் என்றால் லாரியோடு வீடும் போகும். விபத்துக்கும் காலாவதியான தேதிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லாமல் இருக்கலாம். எதிரே தவறான பக்கம் வந்த பைக்காக இருக்கலாம். அதையெல்லாம் வருஷக் கணக்கில் வழக்காடித்தான் நிரூபிக்க வேண்டும்.

இப்போது அந்தக் கார்டை ஒருமுறை கையில் எடுத்துப் பாருங்கள். செல்லும் காலம் என்று இரண்டு தேதி இருக்கிறது. ஒன்று என்.டி., இன்னொன்று டி.ஆர். சொந்த வண்டிக்கு ஒரு தேதி, வணிக வண்டிக்கு ஒரு தேதி. இருபத்தைந்து வயதுப் பையனுக்கு என்.டி. தேதி நாற்பது வயது வரை ஓடும். டி.ஆர். ஐந்தே வருஷம். இரண்டும் பொடி எழுத்தில், ஆங்கிலச் சுருக்கத்தில். டிரைவர்கள் கண்ணில் தூரத்துத் தேதிதான் படுகிறது. "இன்னும் பத்து வருஷம் இருக்குண்ணே" என்று எங்களிடம் கார்டை நீட்டுபவர்கள் பொய் சொல்லவில்லை, அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். எட்டாம் வகுப்பாவது படித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையை 2019இல் நீங்களே நீக்கினீர்கள். படிப்பு இல்லாவிட்டாலும் நன்றாக ஓட்டுபவருக்குப் பிழைப்பு வேண்டும் என்றுதானே? அப்படிப்பட்டவர் கையில் 'டி.ஆர்.' என்று இரண்டு ஆங்கில எழுத்தைப் போட்டுக் கொடுத்தால் அவர் என்ன செய்வார்?

எங்களுக்குத் தெரிந்த ஒரு டிரைவருக்கு இது வடக்கே போன இடத்தில் நடந்தது. முட்டை லோடு. போன இடத்தில் இறக்க ஆள் இல்லை என்று வண்டி நின்றது. திரும்பும் லோடுக்கு மறுபடி காத்திருப்பு. அதற்குள் டி.ஆர். தேதி முடிந்துவிட்டது. வழியில் ஒரு சோதனையில் பிடித்தபோதுதான் அவருக்கே தெரியும். புதிய டிரைவரை ரயிலேற்றி அனுப்பும் வரை வண்டி ரோட்டோரம் நின்றது. பழைய முப்பது நாள் இருந்திருந்தால் அவர் பேசாமல் ஊர் வந்து சேர்ந்து, மறுநாள் ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போயிருப்பார்.

ஒரு வருஷம் முன்னாலேயே புதுப்பிக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. என் வண்டியில் ஏறும் டிரைவரிடம் நானும் அதைத்தான் சொல்கிறேன். ஆனால் மாதத்தில் நான்கைந்து நாள்தான் வீட்டில் இருப்பவர் அவர். அந்த நாட்களில் பிள்ளையின் ஸ்கூல், ரேஷன் கார்டு, அம்மாவின் மருந்து எல்லாம் வரிசையில் நிற்கும். ஒருநாள் ஆபீசில் உட்கார்ந்தால் அன்றைக்குப் பேட்டா இல்லை. எந்த ஊரில் உள்ள அதிகாரியும் லைசென்சைப் புதுப்பிக்கலாம் என்று 15ஆம் பிரிவு சொல்கிறது. லோடு ஏற்றிய வண்டியை நிறுத்திவிட்டு, பாஷை தெரியாத ஊரில் எந்த டிரைவர் ஆபீஸ் தேடிப் போவார்?

தாமதக் கட்டணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. புதுப்பிக்க விண்ணப்பம் போடுவதற்கான சலுகைக் காலம் தாண்டினால் 300 ரூபாய், அதன்மேல் ஒவ்வொரு வருஷத்துக்கும் 1,000. வருஷத்தில் ஒரு பகுதி என்றாலும் முழு ஆயிரம். ஒருநாள் தாண்டியவருக்கும் பதினோரு மாதம் தாண்டியவருக்கும் ஒரே தொகை. மாதக் கணக்கில் வைத்தால் என்ன குறைந்துவிடும்? காசைவிடக் கொடுமை, ஒரு வருஷம் தாண்டினால் மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டும் என்பது. முன்பு இதற்கு ஐந்து வருஷம் வரை இடம் இருந்தது. சவுதியில் ட்ரெய்லர் ஓட்டிவிட்டு ஊர் திரும்புபவர், டெஸ்டுக்கு ஒரு லாரியை வாடகைக்குப் பிடித்து, டிரைவிங் ஸ்கூல்காரருக்குத் தனியாகக் கொடுத்து, புதுப் பையன்களோடு வரிசையில் நிற்கிறார். டெஸ்ட் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். விட்டுப்போனவர் கையைச் சோதிப்பது நல்லதுதான். அங்கே ஒழுங்காக ஓட்டியதற்குச் சான்று வைத்திருப்பவருக்காவது ஒரு வழி வையுங்கள்.

சரி, இனி மருத்துவச் சான்று. ரசீதில் வராத செலவு இதில்தான் இருக்கிறது. வணிக லைசென்சுக்குப் படிவம் 1ஏ கட்டாயம். படிவத்தில் கேட்பவை அருமையான கேள்விகள். நல்ல பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தூரத்தில் ஒரு காரின் நம்பர் பிளேட்டைப் படிக்க முடிகிறதா, சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரிகிறதா, மாலைக்கண் உண்டா, காது கேட்கிறதா. ராத்திரி முழுக்க எதிர் வண்டியின் ஹைபீமில் கண் கூசி ஓட்டுபவனுக்கு இதைவிட முக்கியமான சோதனை கிடையாது. ஆனால் நடப்பது என்ன? மேசைக்கு எதிரே உட்காரச் சொல்வார்கள். பெயர், வயது, ரத்தப் பிரிவு. காசு வாங்கிக்கொண்டு கையெழுத்து. எழுந்து வெளியே வந்தால் அடுத்தவர் உள்ளே போவார். 25 மீட்டரும் இல்லை, நம்பர் பிளேட்டும் இல்லை. இப்படி நான் பார்த்தது ஓர் ஊரில் மட்டும் இல்லை. டாக்டருக்கு ஒன்று, புரோக்கருக்கு ஒன்று, படிவம் நிரப்பும் கடைக்கு ஒன்று என்று அரசுக்குக் கட்டும் 400க்கு மேல் போகும் காசுக்குக் கணக்கே இல்லை. கணக்கில்லாமல் போவதைவிட, ஒன்றுமே செய்யாமல் வாங்குகிறார்கள் என்பதுதான் எரிச்சல்.

ஆகவே, கட்டணத்தை ஏற்றினாலும் பரவாயில்லை, உண்மையாகவே சோதியுங்கள். அரசு மருத்துவமனைகளில் வாரம் ஒருநாள் டிரைவர்களுக்கென்று ஒதுக்கினால் போதும். பெரிய லாரிப் பேட்டைகளில் மாதம் ஒரு முகாம் போடலாம். கண்புரை ஆரம்பித்திருப்பது தெரியாமல் ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் ஐம்பது தாண்டிய டிரைவர்களில் கண்டிப்பாக இருக்கிறார்கள். அவர்களுக்குக் கண்ணாடியோ ஆபரேஷனோ அங்கேயே சொல்லிவிடலாம். அந்தச் சான்றுக்கு நாங்கள் மனசாரக் காசு கொடுப்போம்.

கேஸ் டேங்கர் ஓட்டுபவர்களுக்கு இன்னொரு கதை. அபாயகரமான சரக்கு ஓட்டும் அனுமதிக்குத் தனித் தேதி உண்டு. முன்பு ஒரு வருஷமாக இருந்ததை மூன்று வருஷமாக்கினீர்கள். எங்கள் ஊரில் டேங்கர் வண்டிகள் நிறைய என்பது உங்களுக்கும் தெரியும். அந்த டிரைவர் என்.டி., டி.ஆர்., அபாயச் சரக்கு என்று மூன்று தேதியை நினைவில் வைக்க வேண்டும். மூன்றும் மூன்று திசையில் ஓடுகின்றன. டி.ஆர். புதுப்பிக்க வரும்போதே இதையும் சேர்த்து ஒரே தேதியாக முடித்துக் கொடுத்தால் குழப்பம் பாதி குறையும்.

முப்பது நாளைத் திருப்பிக் கொடுத்தால் ஒழுங்கு கெட்டுவிடும் என்று யாராவது சொன்னால், கொரோனா காலத்தை நினைவுபடுத்துங்கள். 2020 பிப்ரவரி 1இலிருந்து முடிந்த லைசென்சுகளை எல்லாம் செல்லும் என்று அறிவித்து, நீட்டி நீட்டி 2021 அக்டோபர் 31 வரை கொண்டுபோனது உங்கள் அமைச்சகம்தான். அந்தக் கார்டுகளை வைத்துக்கொண்டுதான் ஊரடங்கில் அரிசியும் மருந்தும் ஆக்சிஜனும் கொண்டுபோனோம். அவ்வளவு நாள் தாங்கிய அரசாங்கம் முப்பது நாளைத் தாங்காதா? எல்லோருக்கும் வேண்டாம். கார் ஓட்டுபவருக்கு ஒருநாள் வண்டியை வீட்டில் நிறுத்தினால் போயிற்று. டி.ஆர். தேதி முடிந்தவருக்கு மட்டும், ஊர் திரும்பும் அவகாசமாகக் கொடுங்கள். அந்த முப்பது நாளில் இன்சூரன்சும் செல்லும் என்பதைச் சட்டத்திலேயே எழுதுங்கள்.

இதற்குப் பார்லிமென்டில் திருத்தம் வர வேண்டும், நேரம் பிடிக்கும். மற்றவற்றுக்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை. கார்டில் டி.ஆர். தேதியைப் பெரிதாகவும், 'லாரி, பஸ், வாடகை வண்டி ஓட்ட இந்தத் தேதி வரை' என்று தமிழிலும் அச்சடிக்கலாம். தேதி முடிவதற்கு மூன்று மாதம் முன்னால் தமிழில் ஒரு எஸ்.எம்.எஸ். அனுப்பலாம். டிரைவர்கள் போன் நம்பரை அடிக்கடி மாற்றுபவர்கள். அதனால் விண்ணப்பத்தில் ஓனர் நம்பருக்கும் ஒரு கட்டம் வையுங்கள், எங்களுக்கும் வரட்டும். அப்புறம், எவ்வளவு கட்ட வேண்டும், எதற்கு என்ற பட்டியலையும், "விண்ணப்பிக்க ஒரு வருஷம், ஓட்ட ஒரு நாளும் இல்லை" என்ற வரியையும் பெரிய எழுத்தில் ஒரு தாளில் போட்டு ஆணையரகம் வெளியிட்டால் போதும். பெட்ரோல் பங்க், டயர் கடை, லாரி ஆபீஸ், தாபா என்று ஒட்டுகிற வேலையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
நாமக்கல்லிலிருந்து ஒரு லாரிக்காரன்