இங்கிலாந்தின் ஸ்கார்பரோவில் இருக்கும் மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். அம்மாவும் தம்பியும் நலம். நான் அனுப்பும் செய்திகளுக்குப் பக்கத்தில் இரண்டு நீலக் கோடுகள் விழுகின்றன, பதில்தான் வருவதில்லை. தொலைபேசியில் பேசினாலும் "வேலைப்பா" என்ற ஒரு சொல்லோடு முடித்துவிடுகிறாய். ஆகையால் கடிதம் எழுதுகிறேன். சித்திரையில் நடந்ததைப் பற்றி இதில் ஒரு வரியும் இருக்காது, பயப்படாமல் வாசி.

நான் கேட்பது ஒன்றுதான். வேலையில்லாத நாள்களில் அறையை விட்டு வெளியே போகிறாயா? ஜன்னலைத் திறந்தால் கடல் தெரியும் ஊரில் இருந்துகொண்டு, ஞாயிற்றுக்கிழமை முழுவதும் தூங்கினேன் என்று நீ சொன்னதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

பீஸ்ஹோம் பூங்காவில் கோடைக்காலத்தில் நடக்கும் கடற்போருக்காவது ஒரு நாள் போய் வா. உனக்கு அப்போது ஆறு அல்லது ஏழு வயதிருக்கும். மாமாவின் தோளில் ஏறியிருந்து பார்த்தாய். 1927 இல் தொடங்கிய விளையாட்டு அது. ஏரியில் மிதக்கும் சிறிய போர்க்கப்பல்களுக்குள் ஆள்கள் மறைந்திருந்து ஓட்டுவார்கள். தலைக்கு மேலே கம்பியில் விமானங்கள் வழுக்கி வரும். வெடிச் சத்தம் கேட்டதும் தண்ணீர் எழும்பும், புகை மூடும், ஒலிபெருக்கியில் ஒருவர் நடப்பதையெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பார். இரண்டாம் உலகப் போரில், 1939 இல், பிரிட்டிஷ் கப்பல்கள் ஜெர்மன் கப்பலோடு மோதிய ரிவர் பிளேட் சண்டையைத்தான் அப்படி நடத்திக் காட்டுகிறார்கள். பிரிட்டிஷ் கப்பல்கள்தான் வெல்லும் என்று புல்மேட்டில் இருக்கும் அத்தனை பேருக்கும் தெரியும்; நல்லூரில் சூரன்போர் பார்க்கப் போகிறவர்களுக்குச் சூரன் தோற்பான் என்று தெரியாதா? தெரிந்தும் ஆண்டுதோறும் போகிறோம் அல்லவா, அதே மனத்தோடுதான் இவர்களும் பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருகிறார்கள். இந்தச் சின்ன விளையாட்டை இவ்வளவு அக்கறையோடு தலைமுறை தலைமுறையாக நடத்தும் மனிதர்கள்மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு.

தனியாகப் போவதற்குக் கூச்சப்படாதே. இந்த நாட்டில் நான் கண்ட நல்ல வழக்கங்களில் இதுவும் ஒன்று: ஒருவர் ஒரு பிளாஸ்கில் தேநீரை ஊற்றிக்கொண்டு வாங்கில் தனியே உட்கார்ந்திருந்தால், மற்றவர் எங்கே என்று யாரும் கேட்கமாட்டார்கள்; வானிலையைப் பற்றி இரண்டு சொல் பேசிவிட்டுப் போய்விடுவார்கள். ஊரில் கேட்கிறவர்களுக்கும், பெரியம்மாவுக்கும், நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். அது உன் கவலை அல்ல.

ஸ்பா என்ற கடற்கரை அரங்கில் கோடைக்காலக் காலை வேளைகளில் வாசிக்கும் இசைக்குழு 1912 முதல் இருக்கிறது. கடற்கரை ஊர்களில் முன்பெல்லாம் இப்படிப் பல குழுக்கள் இருந்தன. தொழில்முறைக் குழுவாக இன்று எஞ்சியிருப்பது இது ஒன்றுதான். பக்கத்தில் இருந்தும் நீ ஒரு நாளும் கேட்டதில்லை என்பது எனக்கு வருத்தம். துணிச்சாய்வு நாற்காலியில் ஒரு மணி நேரம் சாய்ந்திருந்துவிட்டு வா, போதும். ஆனால் வெளியே போ.

கடற்கரை விளையாட்டுக் கூடத்தில் இரண்டு பென்ஸ் காசு போட்டு விளையாடும் இயந்திரங்கள் நினைவிருக்கின்றனவா? துளையில் போட்ட காசு உருண்டு விழுந்து, முன்னும் பின்னும் நகரும் தட்டு அதைத் தள்ள, விளிம்பில் தொங்கும் குவியல் இதோ விழப்போகிறது, இதோ விழப்போகிறது என்று நம்மை நிறுத்தி வைக்கும். தம்பி தன் காசையெல்லாம் இழந்து அழுதபோது, உன் பிளாஸ்டிக் கோப்பையில் கிடந்ததை அப்படியே அவன் கோப்பையில் கொட்டிவிட்டு, ஒன்றும் பேசாமல் அவன் விளையாடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாய். அன்றைக்கே உன்னை நினைத்துப் பெருமைப்பட்டேன். இன்று வார்டில் இரவெல்லாம் நின்று மற்றவர்களின் பெற்றோரைக் கவனிக்கும் பிள்ளையும் நீதான். ஆனால் கொடுத்துக்கொண்டே இருந்தால் உன் கோப்பையில் என்ன மிஞ்சும், மகளே? உனக்கென்று ஒரு பொழுதை வைத்துக்கொள்ளாதது நல்ல குணம் என்று நான் ஒப்புக்கொள்ளமாட்டேன்.

இந்தக் கடற்கரைகளெல்லாம் பெரும்பாலும் உழைத்துக் களைத்தவர்களால் நிறைந்தவை. 1871 இல், இங்கே பொது விடுமுறை நாள்களைத் தந்த வங்கி விடுமுறைச் சட்டம் வந்த பிறகு, ஆலைகளிலும் கடைகளிலும் நின்றவர்கள் கிடைத்த ஒரு நாளில் மலிவான ரயில் சீட்டு எடுத்து இங்கே வந்து இறங்கினார்கள். உங்கள் ரயில் நிலையத்தில், உலகின் ரயில் நிலைய இருக்கைகளிலேயே நீளமானது என்று சொல்லப்படும் அந்த மர இருக்கை, 139 மீற்றர் நீளத்துக்கு, ஏன் போடப்பட்டது என்று நினைக்கிறாய்? திரும்பும் ரயிலுக்கு அத்தனை பேர் காத்திருந்தார்கள். அவர்களை விடவா உனக்கு ஓய்வு குறைவு?

மீனும் சிப்ஸும் வாங்கினால் கடற்பறவைகளைக் கவனித்துச் சாப்பிடு. கையிலிருந்தே பறித்துக்கொண்டு போகும். காற்றுக்குத் தடித்த மேற்சட்டை போட்டுக்கொள், ஜூலை என்று நம்பிவிடாதே. நேரத்துக்குச் சாப்பிடு. வெளியே போ.

ஆகஸ்ட் கடைசித் திங்கட்கிழமை வங்கி விடுமுறை. அதையொட்டிய சனிக்கிழமை யோர்க் வழியாக வருவதற்கு நானும் அம்மாவும் ரயில் சீட்டு பார்த்து வைத்திருக்கிறோம். இன்னும் பணம் கட்டவில்லை. நாங்கள் வருவது உனக்குப் பாரம் என்றால், வேண்டாம் என்று தயங்காமல் எழுது, அம்மாவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன். வரலாம் என்றால் உனக்கு எந்த நாள் இரவு வேலை என்று மட்டும் இந்த வெள்ளிக்கிழமைக்குள் எனக்குத் தெரிவி.

அன்புடன்,
அப்பா