பதினான்காம் குழி எங்கள் கிணற்றின் மேல்

யாழ்ப்பாணத்தில் கோல்ஃப் திடல் அமைக்க விரும்பும் புலம்பெயர் உறவுகளுக்கு,

வணக்கம்.

நல்லூர்த் தேர் முடிந்து இரண்டாம் நாள் மாலை, உங்களில் மூன்று பேர் உரும்பிராயில் என் வீட்டு விறாந்தைக்கு வந்தீர்கள். ஒருவன் என் மனைவியின் அக்கா மகன், எனக்குப் பெறாமகன். மற்ற இருவரும் அவனுடைய ரொறன்ரோ நண்பர்கள். பனங்காய்ப் பணியாரத்தை ருசித்துச் சாப்பிட்டீர்கள். பிறகு தேநீர்க் கோப்பைகளை ஒதுக்கிவிட்டு மேசையில் ஒரு வரைபடத்தை விரித்தீர்கள். மூலைகள் சுருண்டு எழும்பின. ஒரு மூலைக்கு என் வெற்றிலைத் தட்டத்தையே பாரமாக வைத்தீர்கள்.

பதினெட்டுக் குழிகள், ஒரு விடுதி, நீச்சல் தடாகம், வரிசையாகச் சொகுசு வீடுகள். பலாலி விமான நிலையத்திலிருந்து பத்து நிமிட ஓட்டம். பச்சை நிறம் பூசிய பகுதிக்குக் கீழே 'வெறுங்காணி' என்று அச்சிட்டிருந்தது. என் மனைவி உள்ளே போய்க் கண்ணாடியை எடுத்துக்கொண்டு வந்தாள். கடற்கரை வீதியில் தொடங்கி, கோயிலைத் தாண்டி, விரலால் மெல்ல மெல்ல நகர்ந்து, ஓரிடத்தில் நின்றாள். "இது எங்கள் கிணறு" என்றாள். பதினான்காம் குழி அங்கேதான் இருந்தது.

அன்று நான் அதிகம் பேசவில்லை. வீட்டுக்கு வந்தவர்களோடு வழக்காடக் கூடாது என்று வளர்க்கப்பட்டவன். ஆனால் இதே யோசனையோடு வேறு பலரும் வந்துபோவதாகக் கேள்விப்படுகிறேன். அதனால்தான் பொதுவில் எழுதுகிறேன். கோபமில்லை என்று எழுதினால் அது பொய்யாகிவிடும், கொஞ்சம் இருக்கிறது.

முதலில் அந்தக் கிணற்றைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஆறு பரப்புக் காணி (ஏக்கருக்குப் பதினாறு பரப்பு). என் மனைவியின் சீதனம். 1990இல் போரின்போது அவளுடைய வீட்டார் ஒரு சூட்கேசும் இரண்டு ஆடுகளுமாக அங்கிருந்து வெளியேறினார்கள். திரும்பக் காணியைப் பார்த்தபோது எல்லைக் கல்லைக் காணவில்லை, வேலி இல்லை, பூவரசு இருந்த இடத்தில் நாயுண்ணிப் பற்றை. கிணற்றைக் கண்டுபிடித்ததே ஒரு பழைய துலாக்காலின் அடித்துண்டை வைத்துத்தான். உள்ளே கல்லும் மண்ணும் ஓட்டுத் துண்டுகளும். நான்கு ஆட்கள் ஒன்பது நாள் அள்ளினார்கள். பத்தாம் நாள் காலையில் அடியில் ஈரம் கசிந்தது. என் மனைவி குனிந்து ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். "உப்பில்லை" என்றாள். காணி திரும்பக் கிடைத்துவிட்டது என்று அவள் நம்பியது அப்போதுதான்; காணி உறுதிப் பத்திரத்தை நீட்டியபோது அல்ல.

2013இல் அந்தக் காணி இருக்கும் வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கரை இராணுவத்துக்காகச் சுவீகரிக்க அறிவித்தல் ஒட்டினார்கள். அதை எதிர்த்து நீதிமன்றம் போனார்கள், வீதியில் இருந்தார்கள். துண்டு துண்டாகத்தான் காணிகள் விடுபட்டன, இன்னும் விடுபடாதவையும் உண்டு. அந்த மண்ணை வரைபடத்தில் வெறுங்காணி என்று எழுத ஒருவருக்குக் கை வந்ததே என்பதுதான் எனக்கு வியப்பு. ஆளில்லாத காணி வேறு, வெறுங்காணி வேறு. உங்களில் பலருடைய பாட்டன் பூட்டன் காணிகளும் இன்று ஆளில்லாமல்தானே கிடக்கின்றன?

சரி, உரிமைப் பிரச்சினை எல்லாம் தீர்ந்துவிட்டது, காணிக்காரர் எல்லோரும் மனமுவந்து விற்கிறார்கள் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். முப்பத்திரண்டு வருடம் விவசாயப் போதனாசிரியராக வேலை செய்தவன். இனி என் துறைக்கு வருகிறேன்.

யாழ்ப்பாணத்தில் வருடம் முழுவதும் ஓடும் ஆறு இல்லை. வழுக்கையாறு என்று ஒன்று உண்டு. மாரியில் மட்டும் ஆறாக இருக்கும். எங்களுக்கு உள்ளதெல்லாம் ஐப்பசியிலிருந்து மார்கழி வரை பெய்யும் மழைதான். அது சுண்ணக்கல்லின் வெடிப்புகளுக்குள்ளால் இறங்கி, கீழே கிடக்கும் உப்புநீரின் மேல் எண்ணெய் மிதப்பதுபோல மிதந்து நிற்கிறது. நிலாவரைக் கிணற்றைச் சுற்றுலாவாக நீங்கள் பார்த்திருப்பீர்கள். மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்பு. குடாநாட்டின் கதை முழுவதும் அந்த ஒரு கிணற்றுக்குள் இருக்கிறது.

இதில் ஒரு கணக்கு உண்டு. பயிற்சி வகுப்புகளில் தோட்டக்காரருக்குக் கரும்பலகையில் கீறிக் காட்டுவேன். கடல் மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பது அடிக்கு நன்னீர் நிற்கும். மேலே அந்த ஓரடியை இறைத்து முடித்தால், கீழேயிருந்து உப்பு நாற்பது அடிக்கு ஏறி வரும். துலா மிதித்து இறைத்த காலத்தில் இந்தக் கணக்குத் தெரியாமலே அதை மீறாமல் வாழ்ந்தார்கள், ஏனென்றால் மனிதனுக்குக் கால் உளையும். மோட்டாருக்கு உளையாது.

இப்போது உங்கள் திடலின் கணக்கு. பதினெட்டுக் குழித் திடலுக்கு 125 ஏக்கர் என்று பிடியுங்கள். எங்கள் அளவில் அது 2,000 பரப்பு. இரண்டு பரப்புக் காணியை மூன்று பெண் பிள்ளைகளுக்கு எப்படிப் பிரிப்பது என்று குடும்பங்கள் வருடக்கணக்கில் பேசாமல் இருக்கும் ஊர் இது. அந்த 2,000 பரப்பில் பாதிக்கு மட்டும் நீர் விட்டால் போதும் என்றே வைத்துக்கொள்வோம். பங்குனி தொடங்கி ஆவணி வரையான வெயிலில் புல் பச்சையாக நிற்க நாளொன்றுக்கு ஐந்து மில்லிமீற்றர் நீராவது வேண்டும். பெருக்கிப் பார்த்தால் ஏறத்தாழ பன்னிரண்டரை இலட்சம் லீற்றர் வருகிறது. ஆளுக்கு 120 லீற்றர் வீதம் பத்தாயிரம் பேர் குடித்து, குளித்து, சமைக்கும் தண்ணீர்.

'தாளையடியில் கடல்நீரை நன்னீராக்குகிறார்களே' என்றான் பெறாமகன். உண்மை. 2024 ஆகஸ்டில் திறந்தார்கள். நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் கொள்ளளவு. உங்கள் திடல் ஒன்று மட்டும் அதில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கைக் குடித்துவிடும். இரணைமடுக் குளத்து நீருக்காகக் கிளிநொச்சி விவசாயியும் யாழ்ப்பாணத்தவரும் முகம் முறித்துக்கொண்ட பிறகு, கடனும் மின்சாரமும் செலவழித்துக் கடலிலிருந்து பிழிந்தெடுக்கும் தண்ணீர் அது. அதைப் புல்லுக்கு ஊற்றுவதா?

உங்களில் ஒருவர், படித்தவர், நல்ல கேள்வி ஒன்றைக் கேட்டார். உப்புநீரிலேயே வளரும் புல் இருக்கிறதாமே என்று. இருக்கிறது. கடற்கரைத் திடல்கள் பலவற்றில் போடுகிறார்கள். ஆனால் தெளித்த உப்புநீர் புல்லோடு நிற்காது, தம்பி. எங்கள் செம்பாட்டு மண் பல இடங்களில் முழங்கால் ஆழம்கூட இல்லை. அதன் கீழே வெடித்த கல். மேலே ஊற்றுவதெல்லாம் கீழே போய்ச் சேரும். உரமும் அப்படித்தான், பூச்சிகொல்லியும் அப்படித்தான். இதில் எங்கள் தோட்டக்காரர் யோக்கியர்கள் என்று நான் சொல்லவில்லை. வெங்காயத்துக்கும் உருளைக்கிழங்குக்கும் யூரியாவை அள்ளிக் கொட்டி, வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்றை அளவுக்கு மீற வைத்ததில் அவர்களுக்கும், அதைத் தடுக்க முடியாத என் போன்றோருக்கும் பங்கு உண்டு. சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் மிதந்ததைப் பார்த்த பிறகும் நாங்கள் முழுதாகத் திருந்தவில்லை. ஆனால் தோட்டக்காரன் கெடுத்த தண்ணீரின் மறுபக்கத்தில் ஒரு பிடி வெங்காயமாவது இருக்கிறது.

விளையாட்டின் மேல் எனக்குப் பகை இல்லை. நான் நுவரெலியாவில் நான்கு வருடம் வேலை பார்த்தேன். அங்கே நகரத்தின் நடுவிலேயே திடல். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஸ்கொட்லாந்துப் படையினர் தொடங்கியது. விடியற்காலைப் பனியில் புல் வெட்டுகிறவர்களைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். ஒருநாள் ஒரு கண்காணி என் கையில் கோலைத் தந்தார். அடித்தேன். பந்து அப்படியே இருந்தது, மண் பறந்தது. கிட்டிப்புள்ளில் நான் ஊரில் பெயர் பெற்றவன் என்பதை அவர் நம்பவே இல்லை. ஆனால் அங்கே மழையும் குளிரும் சும்மா கிடைக்கின்றன. புல் கேட்காமலே வளர்கிறது.

கொழும்பில் களனிவெளி ரயிலில் போனவர்களுக்கு இன்னொரு காட்சி தெரியும். பொரளைப் பக்கத்தில் ரயில் கோல்ஃப் திடலுக்குள்ளாலேயே போகும். வாசலில் தொங்குகிற சனம் ஒரு பக்கம். ரயில் போகட்டும் என்று கோலை ஊன்றிக்கொண்டு காத்து நிற்பவர் மறுபக்கம். அந்தத் திடலின் கழகம் 1880இல் காலிமுகத்திடலில் தொடங்கி, 1896இல் பொரளைக்கு இடம் மாறியது. அவர்கள் மாறிப் போனதை நான் ஒரு நல்ல காரியமாகவே நினைக்கிறேன். இல்லாவிட்டால் இன்று காலிமுகத்திடலில் பட்டம் விடுகிற பிள்ளையும் இறால் வடை விற்கிறவரும் வேலிக்கு வெளியே நின்றிருப்பார்கள்.

யாழ்ப்பாணத்தைச் சிங்கப்பூராக்க வேண்டும் என்று உங்களில் ஒருவர் இரண்டு தடவை சொன்னார். சிங்கப்பூர் என்ன செய்கிறது என்று பாருங்கள். அங்குள்ள கெப்பல் கோல்ஃப் கழகத்தின் குத்தகை 2021 முடிவோடு தீர்ந்தது; 44 ஹெக்டேயர். அங்கே அடுக்குமாடி வீடுகள் கட்டப் போகிறார்கள். ஹொங்கொங்கில் ஃபான்லிங் திடலின் 172 ஹெக்டேயரில் 32 ஹெக்டேயரை அரசு 2023 செப்டெம்பரில் திரும்ப எடுத்தது. சென்னையில் கிண்டிக் குதிரைப் பந்தயத் திடலின் 160 ஏக்கர் 2024 செப்டெம்பரில் அரசின் கைக்குப் போனது. கோல்ஃப் ஆடிய புல்வெளியும் அதற்குள்தான். பிறகு அங்கே வெட்டியது மழைநீரைத் தாங்கும் குளங்கள். சனம் நெருங்கிய ஊர்கள் கழற்றி எறிகிற சட்டையை நாங்கள் ஏன் புதிதாகத் தைக்க வேண்டும்?

வேலைவாய்ப்பு என்பீர்கள். சிலருக்குக் கிடைக்கும், மறுக்கவில்லை. பை தூக்கும் வேலை, புல் வெட்டும் வேலை. தன் சொந்தக் காணியாக இருந்த இடத்தில்.

இந்த விளையாட்டின் தாய்வீடு ஸ்கொட்லாந்தின் சென் அன்ட்ரூஸ். அங்குள்ள பழைய திடலைப் பார்க்கவென்றே உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள் போகிறார்கள்; உங்கள் நண்பரும் போய்வந்த படத்தைக் காட்டினார். அந்தத் திடல் எந்தக் கழகத்தின் சொத்தும் அல்ல. பொது நிலம், ஓர் அறக்கட்டளை பராமரிக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில், பெரிய போட்டி ஏதும் இல்லாவிட்டால், அங்கே ஆட்டமே இல்லை. நாயோடும் பிள்ளையோடும் ஊர்ச்சனம் வந்து நடக்கிறது. நீங்கள் விரித்த வரைபடத்தில் நான் முதலில் தேடியது அந்த ஞாயிற்றுக்கிழமையைத்தான். சுற்றிவரப் பத்தடி மதில், இரண்டு காவல் கொட்டில், 'அங்கத்தவர்களுக்கு மட்டும்'. முப்பது வருடம் முட்கம்பிக்கு வெளியே நின்ற சனத்துக்கு இன்னொரு வேலி.

பணம் போடவே கூடாது என்று சொல்ல நான் யார்? போடுங்கள். 2021இல் நன்கொடைப் பணத்தில் யாழ் நகரின் ஆரியகுளத்தைத் திருத்தினார்கள். மாலை ஐந்து மணிக்குப் போய்ப் பாருங்கள். டியூஷன் முடிந்த பிள்ளைகள், முழங்கால் நோவுக்கு நடக்கிற மனிதர்கள், ஐஸ்கிறீம் வண்டி. டிக்கெட் கேட்பாரில்லை. அத்தோடு குளத்தில் நிற்கும் நீர் சுற்றியுள்ள கிணறுகளுக்கு இறங்குகிறது. இப்படித் தூர்ந்துபோன குளங்கள் ஊருக்கு ஊர் கிடக்கின்றன. ஒரு குளத்தைத் தூர்வாரி, கரையில் மூன்று ஏக்கர் வெளியைப் பிள்ளைகளுக்கு விட்டுக் கொடுங்கள். பந்தடிக்கத் திடல் இல்லாமல் வீதியில் விளையாடி, காருக்கு ஒதுங்கி, திரும்ப வந்து விளையாடுகிற பிள்ளைகளை நீங்களும் பார்த்தீர்கள். உங்கள் வாகனத்துக்கும் அவர்கள் ஒதுங்கினார்கள். புல்லும் வளரட்டும். மாரியில் பச்சையாக இருக்கும், கோடையில் காயும். காய்ந்த புல்லிலும் பந்து உருளும்.

அவசரத்தில் வரைபடத்தை என் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டீர்கள். பத்திரமாக வைத்திருக்கிறேன். என் மனைவி அதில் நீலப் பேனையால் தனக்குத் தெரிந்த கிணறுகளைக் குறிக்கத் தொடங்கியிருக்கிறாள். பக்கத்து வீட்டு ஆச்சியும் வந்து இரண்டு சொன்னார். இதுவரை முப்பத்தொன்று. உங்கள் ஊர்க் கிணறு எங்கே இருந்தது என்று நினைவிருந்தால் எழுதி அனுப்புங்கள், அதையும் போட்டு வைக்கிறோம்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற விவசாயப் போதனாசிரியர் ஒருவர்,
உரும்பிராய்