எப்பிங் காட்டு நடை: பெப்ரவரி 22, ஞாயிறு

எல்லோருக்கும் வணக்கம். குளிர்காலம் முடியும் முன் ஒருமுறை காட்டுக்குள் நடந்துவிட்டு வருவோம்.

காலை 10 மணிக்கு லௌட்டன் ரயில் நிலைய வாசலில் சந்திப்போம். லண்டன் சுரங்க ரயிலின் சென்ட்ரல் லைனில் நேராக வரலாம். லௌட்டன் கேம்ப் என்ற பழைய மண்கோட்டை, லாங் ரன்னிங் என்ற புதர்வெளி வழியாகச் சுற்றி வர ஏறத்தாழ 10 கிலோமீட்டர்.

இலை உதிர்ந்த இப்போதுதான் அந்தக் கிழட்டு மரங்களின் முழு உருவம் தெரியும். விறகுக்காக ஆள் உயரத்துக்கு மேலே வெட்டி வெட்டி, அடிமரம் முண்டும் முடிச்சுமாகப் பருத்திருக்கும். 1878-இல் வந்த எப்பிங் காட்டுச் சட்டம் அந்த வெட்டை நிறுத்தியது, காட்டையும் காப்பாற்றியது. புதர்வெளியில் ஹெதர் செடி காய்ந்து பழுப்பாக இருக்கும். மஞ்சள் கோர்ஸ் பூ கண்ணில் பட்டால் முகர்ந்து பாருங்கள், அசல் தேங்காய் வாசம்!

1. ரப்பர் பூட்ஸ் கட்டாயம். போன வருடம் என் மகளின் ஷூ சேற்றிலேயே போய்விட்டது.
2. மதியச் சாப்பாடு, பிளாஸ்கில் தேநீர், மாற்றுக் காலுறை.
3. விழுந்த கட்டைகளைப் புரட்ட வேண்டாம், வண்டுகளின் வீடு அது. பிள்ளைகளிடமும் சொல்லிவையுங்கள்.
4. 3 மணிக்குள் திரும்பிவிடுவோம்.

வருபவர்கள் பெரியவர் எத்தனை, பிள்ளைகள் எத்தனை என்று வியாழன் இரவுக்குள் இங்கேயே பதில் போடுங்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் எனக்குத் தனியாக எழுதுங்கள், குறுக்குவழி ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன்.