திருவாதிரை இப்போதைக்கு வெடிக்காது, அப்பா

லெஸ்டர், இங்கிலாந்து

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். அங்கே எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள்? சித்தப்பா குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்ட அந்த யூட்யூப் வீடியோவை நானும் பார்த்தேன். திருவாதிரை நட்சத்திரம் வெடிக்கப்போகிறது, காமா கதிர் வந்து பூமியைப் பொசுக்கிவிடும் என்று ஒருத்தர் தடதடவென்று இசை போட்டு மிரட்டுகிறாரே, அதுதான். அதைப் பார்த்துவிட்டு அம்மா ராத்திரி தூங்கவே இல்லை என்று தம்பி சொன்னான். ஃபோனில் சொன்னால் பாதிப் பேச்சு சிக்னலிலேயே போய்விடும், பூம்பாறை டவர் லட்சணம் தெரிந்ததுதானே. அதனால்தான் எழுதுகிறேன், அம்மாவுக்குப் படித்துக் காட்டுங்கள்.

திருவாதிரை வெடிக்கும், அது பொய் இல்லை. ஆனால் இன்னும் ஒரு லட்சம் வருஷத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் நடக்கலாம் என்பதுதான் கணக்கு. 2019 கடைசியில் அது திடீரென்று மங்கியபோது எங்கள் வானியல் ஆட்களே கொஞ்சம் பரபரத்துவிட்டார்கள். அப்புறம் பார்த்தால் அது வெளியே கக்கிய தூசு அதன் முகத்தையே மறைத்திருக்கிறது. அது 500 முதல் 700 ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. அங்கே வெடித்தால் பட்டப்பகலில் நம் வாசலில் நின்று பார்க்கலாம், ராத்திரியில் கிட்டத்தட்ட அரை நிலா வெளிச்சம் இருக்கும், அவ்வளவுதான். அம்மா களி கிண்டுவதை நிறுத்த வேண்டியதில்லை.

காமா கதிர், அதாவது எக்ஸ்ரேயைவிடக் கடுமையான ஒளி, அந்தச் சமாச்சாரம் வேறு. பெரிய நட்சத்திரம் எரிபொருள் தீர்ந்து நடுப்பகுதி நொறுங்கி உள்ளே விழும்போது, சில சமயம் அங்கே ஒரு கருந்துளை உண்டாகி, சுழன்று விழும் பொருளில் கொஞ்சம் கிட்டத்தட்ட ஒளியின் வேகத்தில் மேலும் கீழுமாக இரண்டு தாரைகளாகப் பீய்ச்சும். அந்தத் தாரை நட்சத்திரத்தைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்தால்தான் காமா வெடிப்பு. அதற்கு நட்சத்திரம் தன் மேல்போர்வையான ஹைட்ரஜனை முன்பே உதறியிருக்க வேண்டும், வேகமாகச் சுழலவும் வேண்டும். திருவாதிரை இன்னும் தடிமனாகப் போர்த்திக்கொண்டுதான் இருக்கிறது. அப்படியே வந்தாலும், டார்ச் அடிப்பது மாதிரி நம் கண்ணுக்கு நேராக அடித்தால்தான் தெரியும், பக்கத்து மலைக்கு அடித்தால் நமக்கென்ன?

இதுவரை பதிவானதிலேயே பிரகாசமான காமா வெடிப்பு 2022 அக்டோபர் 9-ம் தேதி வந்தது. பத்தாயிரம் வருஷத்துக்கு ஒருமுறைதான் இப்படி ஒன்று வரும் என்று சொல்கிறார்கள். 240 கோடி ஒளியாண்டு தாண்டி வந்தும் செயற்கைக்கோள் கருவிகள் திணறிப்போயின, நம் காற்றுமண்டலத்தின் உச்சியில்கூட ஒரு சலனம் தெரிந்தது. நம் நேரப்படி மாலை ஏழுக்குக் கொஞ்சம் முன்னால். அம்மா விளக்கேற்றி முடித்திருப்பாள். யாருக்காவது ஏதாவது தெரிந்ததா?

சரி, நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். "சில விநாடியில் முடிந்துபோவதைப் பார்க்க உனக்கு எதற்கு மாசாமாசம் சம்பளம்?" நல்ல கேள்விதான், இங்கே யாரும் இவ்வளவு நேராகக் கேட்பதில்லை.

முதன்முதலில் காமா வெடிப்பைப் பார்த்தவர்கள் அதைத் தேடிப் போனவர்களே இல்லை. ரஷ்யா ரகசியமாக அணுகுண்டு சோதிக்கிறதா என்று வேவு பார்க்க அமெரிக்கா விட்ட வேலா செயற்கைக்கோள்களில் 1967 ஜூலை 2-ம் தேதி பதிவானது, 1973-ல்தான் வெளியே சொன்னார்கள். அப்புறமும் இருபத்தைந்து வருஷம் கிட்ட, இது நம் பால்வீதிக்குள்ளேயா, வெளியேயா என்று சண்டை. 1997-ல் ஒரு வெடிப்பு அணைந்த பிறகு அந்த இடத்தில் மிச்ச ஒளி கிடைத்தது, மறு வருஷம் ஏப்ரலில் ஒரு வெடிப்பின் இடத்திலேயே ஒரு சூப்பர்நோவா, அதாவது நட்சத்திரமே வெடித்துச் சாகும் வெளிச்சம், தெரிந்தது, 2003-ல் சந்தேகமே இல்லாமல் இரண்டும் ஒரே சாவின் இரண்டு முகம் என்று உறுதியாயிற்று. இரண்டு விநாடிக்குள் முடியும் குட்டி வெடிப்புகளில் பெரும்பாலானவற்றின் கதை வேறு: இரண்டு நியூட்ரான் நட்சத்திரங்கள் (செத்த பெரிய நட்சத்திரங்களின் இறுகிப்போன மிச்சம்) மோதுவது, 2017-ல் நேரடியாகவே பிடித்தார்கள். அதில் தங்கமும் உண்டாகிறது, அம்மாவிடம் அதைச் சொல்ல வேண்டாம்.

என் வேலை அந்த விநாடியில் இல்லை, அதற்கு அப்புறம்தான் ஆரம்பிக்கிறது. 2004-ல் ஏவிய ஸ்விஃப்ட் என்ற செயற்கைக்கோள் வெடிப்பைக் கண்டதும் தானாகவே அந்தப் பக்கம் திரும்பும். அதன் எக்ஸ்ரே தொலைநோக்கியின் கேமரா இந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தில் செய்ததுதான், தரவும் இங்கேயே அலசப்படுகிறது. என் ஃபோன் நடுராத்திரியில் அலறுவது அதனால்தான். உடனே எந்த ஊரில் இருட்டு, எங்கே மேகம் இல்லை என்று பார்த்து ஆளுக்கொரு தொலைநோக்கியைத் திருப்பச் சொல்வோம். நம் கொடைக்கானல் அப்சர்வேட்டரியை நடத்தும் அதே நிறுவனம் லடாக்கில் ஹான்லேயில் 2 மீட்டர் தொலைநோக்கி வைத்திருக்கிறது, அவர்களும் இந்த வேட்டையில் உண்டு. பள்ளிக்கூடத்தில் கூட்டிப்போனார்களே, அங்கே 1899 முதல் இருக்கும் அந்த இடம் ஒரே ஒரு சூரியனை நூறு வருஷத்துக்கு மேலாகப் படம் பிடித்துவருகிறது. பொறுமை என்றால் அதுதான், எனக்கு அது வராது.

வெடிப்பின் மிச்ச ஒளி நாளுக்கு நாள் மங்கும். அது மங்க மங்க, பின்னாலிருந்து சூப்பர்நோவா மெதுவாக எழும். உள்ளே உண்டான நிக்கல் கோபால்ட்டாகி, கோபால்ட் இரும்பாகிச் சிதைந்துகொண்டே போகும் சூட்டில்தான் அந்த வெளிச்சம். உச்சம் வர இரண்டு வாரம், சில சமயம் மூன்று ஆகும். அந்த நாட்களை விட்டால் போச்சு, இன்னொரு தடவை அதே நட்சத்திரம் சாகாது. குழந்தை வேலப்பர் திருவிழாவுக்கு நான் வராததன் காரணம் இதுதான் அப்பா, வேறு எதுவும் இல்லை. அத்தை சொன்னதுபோல மாப்பிள்ளை பேச்சுக்குப் பயந்து இல்லை. (அதற்கும் கொஞ்சம் பயம்தான், அது தனிக் கடிதம்.)

ஊரைப் பற்றிக் கேட்டீர்கள். குளிரும் மழையும் நமக்குப் புதுசா என்ன, ஆனால் டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது, அது மட்டும் மனசைப் பிடித்து அழுத்துகிறது. பெல்கிரேவ் ரோட்டில் முழுக்க குஜராத்திக் கடைகள். இவர்களில் நிறையப் பேர் 1972-ல் இடி அமீன் உகாண்டாவிலிருந்து விரட்டியபோது கையில் ஒன்றுமில்லாமல் வந்தவர்கள், இன்றைக்கு அந்தத் தெருவே அவர்களுடையது. கறிவேப்பிலை, முருங்கைக்காய் எல்லாம் அங்கே கிடைக்கும். பூண்டுதான் கொடுமை. வெள்ளையாக, பெரிசாக, பார்க்க லட்சணமாக இருக்கும், ஆனால் அரைத்தால் காரமும் இல்லை, வாசமும் இல்லை. புவிசார் குறியீடு வாங்கின நம் மலைப்பூண்டைப் பற்றிச் சொன்னால் இங்கே யாரும் நம்புவதில்லை.

இந்த வருஷம் வியாபாரி என்ன விலை சொல்கிறார்? அவசரப்பட்டு விதைப்பூண்டையும் சேர்த்துப் போட்டுவிடாதீர்கள். இப்போது பார்க்கும் சூப்பர்நோவா இன்னும் சில வாரத்தில் மங்கிவிடும், அப்புறம் லீவு கேட்டு வைகாசியில் வரப் பார்க்கிறேன். டிக்கெட் போட்டதும் தம்பிக்கு அனுப்புகிறேன், வத்தலக்குண்டுக்கு அவனை வரச் சொல்லுங்கள், நீங்கள் முழங்கால் வலியோடு அலைய வேண்டாம்.

உங்கள் அன்பு மகள்