கவுன்டரை மூடிவிடாதீர்கள்: வங்கி அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

கிளைகள் எப்படி நடக்க வேண்டும் என்று தலைமை அலுவலகங்களில் முடிவெடுக்கும் வங்கி அதிகாரிகளுக்கு வணக்கம்.

உங்களிடம் ஒரு கோரிக்கை. ஸ்மார்ட்போன் இல்லாதவரும், இருந்தும் அதை இயக்கத் தெரியாதவரும், தன் கணக்கைத் தானே பார்த்துத் தன் பணத்தைத் தானே எடுக்கும் வழி ஒவ்வொரு கிளையிலும் திறந்தே இருக்க வேண்டும். அந்த வழி கொஞ்சம் கொஞ்சமாக அடைபட்டு வருகிறது என்பதால்தான் எழுதுகிறேன்.

நான் கைபேசிக்கு எதிரி இல்லை. 2016இல் வந்த யூபிஐ, கீரை விற்கும் அம்மாவுக்குச் சில்லறைத் தொல்லையைத் தீர்த்திருக்கிறது. நடக்க முடியாத ஓய்வூதியர் வீட்டிலிருந்தபடியே கைபேசியில் முகத்தைக் காட்டி வாழ்நாள் சான்று கொடுத்துவிடுகிறார். நல்ல விஷயங்கள்தான். வசதியாக வந்தது நிபந்தனையாக மாறும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

எங்கள் ஊர்க் கிளையில் நடப்பதைச் சொல்கிறேன். சிறிய தொகை எடுக்க ஸ்லிப் எழுதி நீட்டினால், "ஏடிஎம்ல எடுத்துக்கோங்கம்மா" என்கிறார்கள். பாஸ்புக்கில் வரவு போடும் மெஷின் பாதி நாள் வேலை செய்யாது. கேட்டால், "உங்க போனுக்கு மெசேஜ் வந்திருக்கும் பாருங்க" என்று பதில். மெசேஜ் ஆங்கிலத்தில் இருக்கிறது. கேஒய்சி, அதாவது அடையாள, முகவரி விவரங்களைப் புதுப்பிக்கப் போனால் ஓடிபி கேட்கிறார்கள். கணக்கில் பதிவான எண் திருப்பூரில் வேலை செய்யும் மகனுடையது. அவன் ஷிஃப்டில் இருப்பான், போனை எடுக்க மாட்டான். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு பஸ் பிடித்து வந்த பெண், "சரி, நாளைக்கு வரேன்" என்று திரும்பிப் போகிறார். கிளை ஊழியர்களைக் குறை சொல்லவில்லை. இரண்டு பேர் செய்யும் வேலையை ஒருவர் செய்கிறார், செயலியில் ஆள் சேர்க்கச் சொல்லி மேலிருந்து இலக்கு வேறு. அந்த இலக்கு உங்கள் மேசையிலிருந்துதான் வருகிறது.

இதன் விளைவு ஒன்று உங்கள் அறிக்கைகளில் தெரியாது என்று நினைக்கிறேன். செயலியில் சேர்ந்துவிட்டதாக நீங்கள் கணக்கில் எடுக்கும் முதியவர்களில் எத்தனையோ பேர் அதைத் தொட்டதே இல்லை. பேரனோ, பக்கத்து வீட்டுப் பையனோ, மூலைக்கடைக்காரரோ அவர்களுக்காகத் தொடுகிறார்கள். பின் நம்பர் பாஸ்புக்கின் கடைசிப் பக்கத்தில் பேனாவால் எழுதியிருக்கிறது. ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று நீங்கள்தான் விளம்பரம் செய்கிறீர்கள். யாரிடமாவது சொல்லாமல் பணத்தைத் தொட முடியாத நிலையை உண்டாக்கியதும் நீங்கள்தான். முன்பு கையெழுத்தோ கைநாட்டோ போட்டு, தன் பணத்தை எண்ணி இடுப்பில் முடிந்துகொண்டு போன பெண், இன்று கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்துகொள்ளவே இன்னொருவர் தயவை எதிர்பார்க்கிறார். எனக்கு மிகவும் வலிக்கும் இடம் இது.

இவர்கள் விரும்பிக் கணக்கு தொடங்கியவர்கள் மட்டும் அல்ல. 2023 செப்டம்பரில் கலைஞர் மகளிர் உரிமைத் தொகை தொடங்கியபோது ஒரு கோடிக்கும் அதிகமான பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கு வழியாகவே போனது. வங்கியைத் தவிர்க்க முடியாத ஒருவரிடம், போனையும் தவிர்க்க முடியாது என்று எப்படிச் சொல்வது?

கவுன்டரில் ஒரு மனிதர் இருப்பது வங்கிக்கும் பாதுகாப்பு. 2024இல் ஹைதராபாத்தில், போலீஸ் என்று சொல்லி போனிலேயே மிரட்டிப் பணம் பறிக்கும் 'டிஜிட்டல் கைது' மோசடிக்காரர்களிடம் சிக்கிய ஒரு முதியவர் வைப்புத்தொகையை உடைக்கக் கிளைக்கு வந்தார். அவரது பதற்றத்தைக் கவனித்த ஊழியர்கள் பேச்சுக் கொடுத்துப் பணம் போகாமல் தடுத்தார்கள். செயலிக்கு அவர் முகம் வாடியிருந்தது தெரிந்திருக்குமா?

விதிகள் இல்லை என்றும் சொல்ல முடியாது. 2017 நவம்பர் 9 அன்று ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் தனிக் கவுன்டர் அல்லது முன்னுரிமை வேண்டும் என்றது. கேட்டால் ஆண்டுக்கு குறைந்தது 25 காசோலைத் தாள்கள் இலவசமாகத் தர வேண்டும், அதற்கு நேரில் வரச் சொல்லி வற்புறுத்தக் கூடாது. 70 வயதைத் தாண்டியவர்களுக்கும் உடல் நலிந்தவர்களுக்கும் பணம் கொண்டுபோய்க் கொடுப்பது, கேஒய்சி ஆவணம் வாங்குவது போன்ற சேவைகளை வீட்டிலேயே தர முயல வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. எங்கள் தெருவில் இதைக் கேள்விப்பட்ட முதியவர் ஒருவரும் இல்லை. 2025 ஜூலை முதல் செப்டம்பர் வரை ஜன்தன் கணக்குகளின் கேஒய்சியைப் புதுப்பிக்க ஊராட்சி தோறும் முகாம் நடத்தினீர்களே, மனம் வைத்தால் வாசலுக்கே வர முடியும் என்று நீங்களே காட்டிவிட்டீர்கள்.

ஸ்பெயினிலும் இதே வேதனைதான். வலென்சியாவைச் சேர்ந்த கார்லோஸ் சான் ஹுவான், ஓய்வுபெற்ற மருத்துவர், அப்போது 78 வயது, பார்கின்சன் நோயாளி. நான் கிழவன்தான், முட்டாள் இல்லை என்று வங்கிகளை நோக்கி ஒரு மனு தொடங்கினார். ஆறு லட்சத்துக்கும் அதிகமானோர் கையெழுத்திட்டார்கள். 2022 பிப்ரவரியில் அந்நாட்டு வங்கிகள், முதியோருக்கு நேரடிச் சேவை நேரத்தை நீட்டித்து முன்னுரிமையும் தருவதாக அரசின் முன்னிலையில் ஒப்புக்கொண்டன. இங்கே யாரும் மனு தொடங்கும்வரை காத்திருக்க வேண்டாமே.

அப்புறம், புயல். 2016 டிசம்பரில் வர்தா, 2023 டிசம்பரில் மிக்ஜாம். இரண்டு முறையும் சென்னையில் மின்சாரமும் நெட்வொர்க்கும் போயின. பால் பாக்கெட் வாங்கக் கையில் நோட்டு வேண்டியிருந்தது, கணக்கில் இருந்த பணம் உதவவில்லை. போனை நன்றாகக் கையாளத் தெரிந்தவர்களுக்கும் இதே கதிதான்.

அதனால் கேட்கிறேன். 2017 சுற்றறிக்கையின் சாரத்தைத் தமிழில், பெரிய எழுத்தில், ஒவ்வொரு கிளை வாசலிலும் ஒட்டுங்கள். வீட்டுக்கு வந்து சேவை தருவதற்கு, பட்டன் போனிலிருந்து அழைத்தால் தமிழில் பேசும் ஓர் எண் கொடுங்கள். மெசேஜைத் தமிழில் அனுப்புங்கள். எவ்வளவு சிறிய தொகையானாலும் ஸ்லிப்பை வாங்கிக்கொள்ளும்படி கிளைகளுக்கு எழுத்தில் உத்தரவு போடுங்கள், வாய்வழிச் சொல் போதாது. செயலியில் ஆள் சேர்க்கும் இலக்கிலிருந்து 70 வயதைத் தாண்டியவர்களை விட்டுவிடுங்கள். மத்திய அரசு ஓய்வூதியர்கள் வாழ்நாள் சான்று கொடுக்க நவம்பரில் கிளைக்கு வருவார்கள், 80 வயதைக் கடந்தவர்கள் அக்டோபரிலேயே வரத் தொடங்கிவிடுவார்கள். அதற்கு முன் அந்த உத்தரவு எங்கள் ஊர்க் கிளைக்கு வந்து சேர வேண்டும்.

அன்புடன்,
ஒரு வாடிக்கையாளர்